அப்டேட் வந்திரிக்கும்

மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது பிரவுசரின் செட்டிங்ஸ் சில நேரம் தானாக மாறிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் நடக்கிற சங்கதி. நேற்றுவரை திறந்த பக்கம் இன்று திறக்காது. தேடும் பெட்டி வேறு ஏதோ கம்பனியின் பெட்டியாகிவிடும். சேமித்து வைத்த பாஸ்வேர்ட் காணாமல் போகும். கல்முனை மார்க்கட்டுக்குப் பின்னால் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிற எனக்கு இதனால்தான் பாதிப் பிழைப்பு.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான். ஓய்வுபெற்ற செபரட்ணம் சேர் தன் லெப்டொப்பைக் கைக்குழந்தை போலச் சுமந்துகொண்டு வருவார். கதிரையில் உட்காரும் முன்னமே, "தம்பி பர்ஸான், நான் ஒண்டிலயும் கை வைக்கல்ல, சத்தியமா" என்பார். பெரிய மனிதர், ஊருக்கே கணக்குப் படிப்பித்தவர், திருடிப் பிடிபட்டவர்போல நிற்பார். நான் சிரித்துக்கொண்டு, "அப்டேட் வந்திரிக்கும் சேர்" என்பேன். உடனே அவர் முகம் தெளிந்துவிடும். அப்டேட்டோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. அது எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று என் கடைக்கு வந்த ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

காதியார் அவர்களே, நடந்ததை என் கையால் எழுதித் தரும்படி சொன்னீர்கள். என் மனைவி நதீரா விவாகரத்துக் கேட்டு உங்கள் காதி நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில், நான் அவளுடைய லெப்டொப்பில் கைவைத்தேன் என்றும் அவளை மறதிக்காரி என்று நம்பவைத்தேன் என்றும் இருக்கிறது. இருப்பது உண்மை. ஆனால் அது முழுவதும் அல்ல. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஒரு மெஷினைத் திறந்தால் கடைசி ஸ்க்ரூ வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் மூடுவேன்.

நம் ஊர் வழக்கத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறோம். நானும் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு கருவிப் பெட்டியுமாகப் போனேன். வீடு நதீராவின் வாப்பா, பள்ளிக்கூட அதிபராக இருந்த அப்துல் ஸமட், அவளுக்குக் கட்டிக்கொடுத்தது. வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயரில். அவர் மௌத்தாகிவிட்டார், மாமி அக்கரைப்பற்றில் இளைய மகளோடு இருக்கிறா. ஆனால் கேற்றில் அவருடைய பெயர்ப் பலகை இன்னும் இருக்கிறது. தபால்காரன்கூட என்னை 'ஸமட் சேர்ட மருமகன்' என்றுதான் கூப்பிடுவான். ஒருவரும் என்னை ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும், "நதீரா, இதில அடிக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். அவள் சிரிப்பாள்.

"இதென்ன கேள்வி? உங்கட வீடுதானே" என்பாள்.

தன்னுடையதாக இருப்பதைத்தான் ஒருத்தி அப்படிச் சொல்ல முடியும். இது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை.

அவள் உயிரியல் டீச்சர். மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்கு முழுப் புலமைப்பரிசில் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வில் தேறினால் போதும். எங்கள் மகள் நப்லாவையும் கூட்டிப் போகலாம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த அன்று நான் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், அவள் கையெல்லாம் ரொட்டி மாவோடு குசினியிலிருந்து ஓடி வருகிறாள்.

"இஞ்ச பாருங்களன், என்னக் கூப்பிட்டிரிக்காங்க! நீங்களும் வாங்க. அங்கயும் கொம்பியூட்டர் பழுதாகும்தானே."

"மாஷா அல்லாஹ்" என்றேன். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை அவளே உங்களிடம் ஒத்துக்கொள்வாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார்? மனைவி இல்லாத வீட்டில் மருமகன் தனியே இருந்து சோறாக்கித் தின்பதை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? கூடப் போனால் அங்கே நான் யார்? இங்கே அவளுடைய வாப்பாவின் வீட்டில் இருந்தேன், அங்கே அவளுடைய விசாவில் இருப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவின் பூட்டும் திறப்பும் அவள் கையில் இருந்தன. பயமாக இருந்தது என்றே எழுதுகிறேன். இதையெல்லாம் பெண்சாதியிடம் சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கு வாய் வருமா?

நேர்முகத் தேர்வு வீடியோவில். அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, பிரவுசரில் கமராவுக்கும் மைக்குக்கும் கொடுத்திருந்த அனுமதியை எடுத்துவிட்டேன். எதையும் உடைக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. அனுமதியை மட்டும்தான் எடுத்தேன். பிறகு, "ஸலாம் புள்ள, பயப்படாமக் கதை" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது.

"இஞ்ச, அவங்களுக்கு என்னத் தெரியல்லயாம், சத்தமும் கேக்கல்லயாம். நேத்து நல்லா வேல செஞ்சிச்சே. யா அல்லாஹ், என்ன செய்யிற இப்ப?"

"பதறாத. அப்டேட் வந்திரிக்கும். வாறன் இரி."

கடையில் இருந்தவருடைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். மோட்டார் சைக்கிளை நான் விரட்டவும் இல்லை, மெதுவாக ஓட்டவும் இல்லை. போனபோது அவள் பெருநாளுக்கு வாங்கிய ஸ்காஃபைக் கட்டிக்கொண்டு வெறும் திரைக்கு முன்னால் இருந்தாள். அவர்கள் போய்விட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து அனுமதியைத் திரும்பக் கொடுத்தேன். திரையில் அவளுடைய அழுத முகம் தெரிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லாட்டி நான் என்னதான் செய்யிற" என்றாள். அதற்கு முன் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதேயில்லை. எனக்கும் அழுகை வந்தது. நடிப்பல்ல, அல்லாஹ் அறிவான்.

அவளுக்கு இன்னொரு திகதி தருவதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதை முதலில் கண்டவன் நான். அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் நேரே குப்பைக்குப் போகும்படி அவளுடைய மின்னஞ்சலில் ஒரு விதி போட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

"நப்லாட பிறந்த நாளத்தானே வெச்ச நான்" என்று அவள் திரும்பத் திரும்பத் தட்டினாள்.

"அப்டேட்டுக்குப் பிறகு புதுசு கேட்டிரிக்கும். நீ எதையாவது குடுத்திருப்பாய்."

அவள் கை நின்றது. சுவரைப் பார்த்து யோசித்தாள். "ஓம், குடுத்தனோ தெரியா" என்றாள்.

நான் காத்திருந்தது அந்தத் 'தெரியா'வுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. அன்றிலிருந்து பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் கேட்கவில்லை. திகதி கடந்துபோனது. ஒரு பதிலும் வராததால் தன்னை வேண்டாமென்றுவிட்டார்கள் என்று நினைத்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். நான் ஊட்டிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவள் எழும்பிக் குளித்துவிட்டு வந்து, அடுத்த வருடமும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். அந்தப் பிடிவாதம் ஸமட் சேரிடமிருந்து வந்தது. ஆகவே கொம்பியூட்டர் மட்டும் போதவில்லை.

கொக்கியில் தொங்கிய திறப்புக் கோர்வையை அரிசி வாளிக்குள் வைத்தேன். அவள் உப்புப் போட்ட கறிக்கு இன்னொரு கரண்டி உப்புப் போட்டேன். அவள் திருத்தி முடித்த விடைத்தாள்களைப் பையிலிருந்து எடுத்து அலுமாரியின் அடியில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அதிபரின் முன்னால் பையைக் கொட்டித் தேடினாளாம். வந்து சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு உள்ளங்கையில் பேனையால் எழுதத் தொடங்கினாள். அடுப்பு, திறப்பு, கேற்று என்று எழுதுவாள். தொழுகைக்கு வுழூ செய்து கை கழுவும்போது எல்லாம் அழிந்துவிடும். தொழுதுவிட்டு வந்து திரும்ப எழுதுவாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவள் பதில் சொல்லத் தடுமாறியதால் நானே எல்லாவற்றையும் விவரித்தேன், அவள் தலையாட்டினாள். குளிசை கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். பகலெல்லாம் தூங்கினாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த நாட்களில் நான் கேட்காமலே ஆணி அடித்தேன்.

இனிக் கிணறு. இதை அவள் மனுவில் எழுதவில்லை.

அந்த வீட்டுக் கிணற்றுக்கு ஸமட் சேர் காலத்திலேயே கம்பிவலை மூடி போட்டிருந்தது. தண்ணீர் அள்ளினால் மூடிவிட்டுத்தான் நகர்வது அங்கே சட்டம். நப்லா நர்சரிக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆ முடிந்து வந்த பிறகு, மூடி திறந்து கிடந்தது. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது. அந்த வாளியை நான் வைக்கவில்லை. நப்லா அதன்மேல் ஏறி, கட்டின்மேல் வயிற்றை வைத்து உள்ளே எட்டி, தன் பெயரைத் தானே கூப்பிட்டு எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குசினி ஜன்னலில் நின்றேன். நதீரா உடுப்புக் காயப்போட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தாள். அவள் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நான்தான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன்.

"அல்லாஹ்வே, நான் மூடினன். மூடின எண்டுதான் நினைக்கன். மூடினனா?" அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பரவால்ல புள்ள. குளிசையால வாற மறதியாயிரிக்கும்."

அடுத்த கிழமை நப்லாவை மருதமுனையில் என் கூடப்பிறந்த ராத்தா லைலாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அந்த யோசனை என்னுடையதல்ல. நதீராதான் கேட்டாள். "நானே என்ட புள்ளயச் சாக்காட்டிப் போடுவன் போல இரிக்கி. கொஞ்ச காலத்துக்கு ராத்தா வெச்சிக்கட்டும்" என்றாள். பிள்ளையின் உடுப்புகளையும் அவள்தான் மடித்து வைத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் எடுத்துப் பார்த்து வைத்தாள், எதையாவது மறந்துவிடுவாளோ என்று.

பிறகு ரமழான் வந்தது. கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருக்க நிய்யத் வைத்தேன். ஊர் சிரிக்கும், ஆனாலும் எழுதுகிறேன்: நதீராவை என்னிடமிருந்து பிரித்துவிடாதே என்று துஆ கேட்கத்தான் போனேன். ஒரு மூலையில் திரை கட்டிப் பாய் விரித்துக்கொண்டேன். ஃபோனை அணைத்துவிட்டேன். பள்ளியை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது அடைபட்ட மாதிரி இருந்திருக்கலாம். எனக்கு அந்த நாட்களில்தான் நல்ல தூக்கம் வந்தது. எதையும் இடம் மாற்றவேண்டிய வேலை எனக்கு அங்கே இருக்கவில்லை.

நான் செய்த பிழை அதுதான். நான் உள்ளே இருந்தபோது, வீட்டில் ஒன்றுமே மாறவில்லை.

கொக்கியில் வைத்த திறப்பு கொக்கியிலேயே இருந்ததாம். நோன்புக் கஞ்சியில் உப்பு அளவாக இருந்ததாம். கையில் எழுதாமலே ஒரு நாள் போனதாம், மறுநாளும் போனதாம். அவளுக்கு முதலில் சந்தோஷம்கூட வரவில்லை, பயம்தான் வந்ததாம். அந்த நேரத்தில்தான் லெப்டொப்பில் உண்மையாகவே ஒரு அப்டேட் வந்தது. பிரவுசரின் மேல்பட்டை கொஞ்சம் வேறு நிறமாகிவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்து, தன் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற றொஷேல் டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த டீச்சர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது நதீராவின் மனுவில் அப்படியே இருக்கிறது. "அப்டேட் வந்திரிக்கி டீச்சர். ஆனா ஒண்டும் மாறல்லயே. கமரா, மைக், பாஸ்வேர்ட், எல்லாம் வெச்ச மாதிரியே இரிக்கி. முந்தி மாறினதெல்லாம் அப்டேட் செஞ்ச வேலையில்ல, ஆரோ கையால செஞ்சது." பிறகு, திறந்தபடியே இருந்த மின்னஞ்சலுக்குள் போய், நான் போட்ட விதியையும் கண்டுபிடித்துவிட்டா. வேலை முடிந்ததும் அதை நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதை மறதி என்று சொல்ல முடியாது, அந்த நாட்களில் கடையில் வேலை அதிகம்.

பெருநாள் பிறை கண்டதும் தக்பீர் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நதீரா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். எதிரே கதிரையில் இருந்தாள். இரண்டு உள்ளங்கையும் சுத்தமாக இருந்தன, மருதாணிகூட இல்லை.

"ஒரு சங்கதி கேக்கட்டா?" என்றாள். "இந்தப் பத்து நாளும் அப்டேட்டும் உங்களோட பள்ளியில இஃதிகாஃப் இருந்திச்சா?"

எனக்கு வாயில் பழக்கமாக வந்தது அதுதான். "அப்டேட் வந்திரிக்கும்..." என்று தொடங்கினேன்.

"ஓம், வந்திச்சு. என்ட கண்ணால கண்டன். றொஷேல் டீச்சரும் கண்டா. அது ஒண்டயும் தொடல்ல." அவள் குரல் உயரவில்லை. "நான் பைத்தியம் எண்டு நினைச்சன். ஒவ்வொரு தொழுகையிலயும் அழுது கேட்டன், யா அல்லாஹ் என்ட புத்தியத் திருப்பித் தா எண்டு. அது உங்கட சட்டைப் பைக்குள்ளயா இருந்திச்சு?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவள் எழும்பி வந்து என் முன்னால் நின்றாள். "திறப்பு நீங்க. உப்பு நீங்க. விடைத்தாள் நீங்க. மெயில் நீங்க. எல்லாம் நீங்கதான், விளங்கிட்டு. மறுகா அந்தக் கிணறு... அந்த மூடிய மட்டும் நான்தான் மறந்தன் எண்டு சொல்லுங்க. அத நீங்க செஞ்சீங்க எண்டு மட்டும் சொல்லிராதீங்க. நான் மறதிக்காரியாவே இருந்திட்டுப் போறன்."

நான் அவள் கேட்டபடியும் சொல்லவில்லை, வேறு மாதிரியும் சொல்லவில்லை. அவள் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"வெளிய போங்க. இது என்ட வீடு."

பார்த்தீர்களா, கடைசியில் சொல்லிவிட்டாள். நான் சூட்கேஸையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ராத்தா வீட்டில் இருக்கிறேன். நப்லாவும் இங்கேதான். நதீரா கிழமைக்கு ஒரு தரம் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போகிறாள். ராத்தா பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கமாட்டாள். முற்றத்துக்கும் கூட்டிப் போகமாட்டாள். அந்த மூடியை மறந்தது தான்தான் என்று இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாள். வேறு மாதிரி நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முழுதாக எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். மூடியைத் திறந்தது நான். நதீரா மூடியிருந்தாள். அவள் ஒருநாளும் மூடாமல் விட்டதில்லை. இன்னொன்று, வாளியை நான் வைக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், அந்த வரியை வெட்டிவிடுங்கள். வாளியைக் கவிழ்த்து வைத்ததும் நான்தான். மூடி மட்டும் திறந்திருந்தால் பிள்ளைக்குக் கட்டு எட்டாது, எட்டாவிட்டால் நதீரா அந்த அளவுக்குப் பயந்திருக்கமாட்டாள். "வாப்பா ஏத்தி விடுறன், உள்ளுக்குக் கூப்பிட்டுப் பாரு, இன்னொரு நப்லா பதில் சொல்லுவா" என்று பிள்ளையைத் தூக்கி வாளியில் நிறுத்தியதும் நான்தான். பிறகு ஜன்னலுக்குப் போய் நின்றேன். நதீரா வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உடுப்பு அதிகம் போல.

இவ்வளவுதான். மறைக்க இனி ஒன்றுமில்லை.

மலேசியாவில் அவளுக்கு இன்னொரு திகதி கொடுத்து, வீடியோவில் பேசி, படிக்க எடுத்தும் விட்டார்களாம். பிள்ளையைக் கூட்டிப்போகக் கேட்கிறாள், பாஸ்போர்ட்டுக்குத் தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்று நீங்களும் சொன்னீர்கள். மறுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நீங்களும் பிள்ளைகுட்டிக்காரர், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெரியாத தேசம். பக்கத்தில் நானும் இருக்கமாட்டேன். சின்னப் பிள்ளையை நதீராவை நம்பி எப்படி அனுப்புவது, காதியார்? அவளுக்கு மறதி.